மாதச் சந்தா ரகசியம்

மீஞ்சூர் ஸ்டேஷனுக்கு எதிரே, சைக்கிள் கடை மாடியில் ‘அந்தரங்கம் அஞ்சல் காப்பகம்’ என்று ஒரு போர்டு தொங்கியது. அதன் கீழே சிவப்பு எழுத்தில், ‘இங்கே காற்றுகூட அனுமதி பெற்றுத்தான் நுழையும்’ என்று எழுதியிருந்தது. கதவின் கீல் ஒன்று கழன்று, கதவு தரையில் உரசிக்கொண்டு நின்றது. காற்று என்ன, ஒரு கன்றுக்குட்டியே தாராளமாக நுழையலாம்.

“வேணு, செருப்பைக் கழட்டாதே. இது கோயில் இல்லை,” என்றார் என் முதலாளி தசரதன்.

தசரதனைப் பற்றி இரண்டு வரி. தந்தி ஆபீசில் பதினெட்டு வருஷம் ஊரார் செய்தியைத் தட்டிவிட்டு, மேலதிகாரியை முட்டாள் என்று தந்தியிலேயே சொன்னதற்காக வெளியே வந்தவர். இப்போது துப்பறிகிறார். மூக்குப்பொடியைத் தவிர உலகத்தில் எதன் மீதும் அவருக்கு மரியாதை கிடையாது. நான் அவருடைய உதவியாளன். என் மீதும் கிடையாது.

எங்கள் கட்சிக்காரர் பழவேற்காடு ரோஷன் பீவி. வயது இருபத்தாறு. புருஷன் ஜலீல் துபாயில் ஏ.சி. மெக்கானிக். மனைவியை அழைத்துக்கொள்ள விசா எடுத்து அனுப்பியிருந்தான். அந்த விசா வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு காலாவதி. அன்றைக்குத் திங்கட்கிழமை. இன்னொரு விசாவுக்குத் துபாய் முதலாளி சம்மதிக்கமாட்டான் என்று ஜலீல் எழுதிவிட்டான். அதாவது இந்த வாரம் போனால் போனாள், இல்லாவிட்டால் இல்லை.

போகவிடாமல் தடுப்பது ஜலீலின் அண்ணன் முகம்மது இஸ்மாயில். மனைவி இங்கே இருக்கும்வரைதான் தம்பி சொன்ன பேச்சைக் கேட்பான் என்பது அந்த மகானின் கணக்கு. நேராக வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அதற்கு முதுகெலும்பு வேண்டுமே! முதல் தடவை அவள் கிளம்பும் நாளன்று அவருக்கு நெஞ்சு வலி வந்தது. பொன்னேரி டாக்டர் அது வாயு என்று சொல்லி அனுப்புவதற்குள் பம்பாய் விமானம் போய்விட்டது. இரண்டாம் தடவை, பஸ் ஸ்டாண்டில் காத்திருந்த டாக்ஸியை யாரோ ‘பிரயாணம் ரத்து’ என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இரண்டு தேதியும் கடிதத்தில் மட்டுமே இருந்தவை. கடிதம் வீட்டுக்கே வருவதில்லை. இந்த மீஞ்சூர் காப்பகத்துக்கு வந்து, ஏழாம் நம்பர் பெட்டியில் விழும். நண்டு விற்க மீஞ்சூர் வரும் செல்வம்மாள் அதை எடுத்துக் கூடையில் நண்டுக்கு அடியில் வைத்துக் கொண்டுபோவாள். கடிதத்தில் எழுத்தே இருக்காது, எல்லாம் எண். ஜலீல் தானாக உட்கார்ந்து செய்த முறை அது. இவ்வளவுக்கும் பிறகு இஸ்மாயிலுக்குத் தேதி தெரிந்திருக்கிறது.

காப்பகத்தின் உரிமையாளர் அந்தோணிசாமி எழுந்து நின்று கும்பிட்டார். மருந்துக் கடையிலிருந்து ஏலத்தில் எடுத்த இழுப்பறைகள் சுவர் முழுக்க இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பித்தளைப் பூட்டு.

“பெட்டி வேணுமா சார்? மாசம் பதினஞ்சு ரூபா. ஒரு பூட்டுக்கு ஒரே சாவி. ஆண்டவனே வந்தாலும் தொறக்க முடியாது.”

நான் என் சைக்கிள் சாவியை ஏழாம் நம்பர் பூட்டில் விட்டுத் திருப்பினேன். திறந்துகொண்டது. எட்டாம் நம்பரும் திறந்தது. ஒன்பதையும் முயன்றிருப்பேன், அந்தோணிசாமியின் முகத்தைப் பார்த்துப் பாவமாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

“அது... சாம்பிள் பெட்டி,” என்றார்.

“பூட்டு சாம்பிள், சந்தா மட்டும் நிஜமா?” என்றார் தசரதன். “இதுக்குப் பதினஞ்சு ரூபா கொடுக்கிறதுக்கு, கடிதத்தை நடுத்தெருவில போட்டு மேல கல் வைக்கலாம்.”

அந்தோணிசாமிக்கு ரோஷம் வந்துவிட்டது. “எல்லாத்தையும் நாமளே செஞ்சுக்க முடியுமா சார்? உங்க முடியை நீங்களே வெட்டிக்கிறீங்களா? தெரிஞ்சவன்கிட்ட காசு குடுத்து விடுறதுதான் புத்திசாலித்தனம்.”

“முடி வெட்டுறவன் முடியைப் பிரிச்சுப் படிக்கிறதில்லை. அந்த மேஜைக்குக் கீழ என்ன, கெட்டிலா? பக்கத்தில பசை டப்பா வேற. டீக்குப் பசை போட்டுக் குடிக்கிற வழக்கம் உண்டோ?”

அந்தோணிசாமி தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார். ஐந்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். ஆவி காட்டிப் பிரிப்பது உண்மை. எல்லார் கடிதத்தையும் படிப்பதும் உண்மை. மத்தியானத்தில் பொழுது போகவில்லையாம்.

“ஏழாம் நம்பரும் படிச்சீரா?”

“ஒண்ணரை வருஷமா முயற்சி பண்றேன் சார்! எண்ணைக் கூட்டிப் பார்த்தேன், கழிச்சுப் பார்த்தேன், பின்னாலேர்ந்து படிச்சேன். ஒரு மண்ணும் புரியல. நீங்க பெரிய ஆளாட்டம் இருக்கீங்க, அதை எப்படிப் படிக்கிறதுன்னு கொஞ்சம் சொல்லிக் குடுத்துட்டுப் போங்களேன்.”

நான் சிரித்துவிட்டேன். தசரதன் சிரிக்கவில்லை. பெட்டியில் கிடந்த புதுக் கடிதத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, “திருடத் தெரியாத திருடன்கிட்ட சந்தா கட்டியிருக்காங்க, வேணு,” என்று சொல்லிக்கொண்டே படி இறங்கினார்.

அன்று மாலை பழவேற்காட்டில், செல்வம்மாள் குடிசைக்குப் பின்னால் வலை காயும் இடத்தில் ரோஷன் பீவியைச் சந்தித்தோம். நண்டு வாங்க வந்ததாகச் சொல்லி வந்திருந்தாள். வெள்ளைத் துப்பட்டி முகத்தைப் பாதி மறைத்திருந்தது. தசரதன் நீட்டிய விசிட்டிங் கார்டை வாங்கி, “த...ச...ரதன், தசரதன், துப்பறி...வாளர்” என்று முணுமுணுத்துப் படித்துவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“அந்த மீஞ்சூர் ஆளுதானே காட்டிக் குடுக்குறான்?” என்றாள்.

“காட்டிக் கொடுக்க அவனுக்கு அறிவு பத்தாது,” என்றார் தசரதன். “உன் புருஷன் முறையைக் காட்டு.”

அவள் துப்பட்டி முனையில் முடிந்துவைத்திருந்த காகிதத்தை எடுத்தாள். கட்டம் கட்டமாக எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். கடிதத்தின் முதல் எண் எதுவோ, அத்தனை கட்டம் தள்ளிப் படிக்கவேண்டும். ஒவ்வொரு கடிதத்துக்கும் அந்த எண் மாறும். தசரதன் பத்து நிமிஷம் அதைப் பார்த்தார். அவர் முகத்தில் மரியாதை மாதிரி ஏதோ ஒன்று வந்து போனது. நான் பயந்துவிட்டேன்.

“மெக்கானிக் கெட்டிக்காரன்தான். இதை உடைக்க எனக்கே ஒரு வாரம் ஆகும். நண்டுக்காரம்மா, உனக்குப் படிக்கத் தெரியுமா?”

“பஸ்ஸு நம்பரே கேட்டுத்தான் ஏறுவேன் நைனா,” என்றாள் செல்வம்மாள். “என்னை சந்தேகப்படுறியா? அந்தப் பொண்ணுக்காக ஒண்ணரை வருசமா நண்டுக்கடி பட்டுக்கினு கீறேன், தெரியுமா?”

ரோஷன் போனபிறகு தசரதன், நகல் எடுத்துவைத்த கட்டத்தைப் பார்த்து இரண்டு பொய்க் கடிதங்களை எண்ணில் எழுதினார். முதல் கடிதம்: ‘புதன் காலை ஏழு மணி பஸ்ஸில் கிளம்பு.’ அதை நான் மறுபடி மீஞ்சூர் கொண்டுபோய் ஏழாம் நம்பரில் போட்டேன். செவ்வாய்க்கிழமை செல்வம்மாள் அதை எடுத்துவந்து, தசரதன் சொன்னபடி ரோஷனிடம் கொடுக்காமல் தன்னிடமே வைத்துக்கொண்டாள். அதாவது காப்பகத்தைக் கடந்து, கூடையைக் கடந்து, அங்கேயே நின்றுவிட்ட கடிதம்.

புதன் காலை ஏழு மணி பஸ் கிளம்பியபோது முகம்மது இஸ்மாயில் டீக்கடையில் உட்கார்ந்து பட்டர் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். பஸ்ஸைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காற்றில் கொஞ்சம் புகை வந்ததால் மூக்கை மூடிக்கொண்டார், அவ்வளவுதான்.

இரண்டாம் கடிதம் காப்பகத்துக்கே போகவில்லை. ‘வியாழன் காலை படகில் சுண்ணாம்புக்குளம் வந்துவிடு. அங்கே கார் நிற்கும்.’ புதன் மத்தியானம் செல்வம்மாள் அதை நேராக ரோஷனிடம் கொடுத்தாள். துபாயிலிருந்து வந்த ஒருவர் கையில் கொடுத்ததாகச் சொன்னாள். அது பொய் என்று ரோஷனுக்குத் தெரியாது.

வியாழன் காலை சுண்ணாம்புக்குளம் படகுத்துறையில் நான் காவல் நின்றேன். சரியாக எட்டு மணிக்கு, சலவைச் சட்டை, கையில் குடை, உடம்பெல்லாம் அத்தர் மணக்க ஒருவர் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாட்சாத் முகம்மது இஸ்மாயில். முகத்தைச் சோகமாக வைத்து, உதட்டை அசைத்து ஒத்திகை வேறு பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாரையாவது எதிர்பார்க்கிறீங்களா பாய்?” என்றேன்.

“இல்ல தம்பி. சும்மா காத்து வாங்க வந்தேன்.”

“பழவேற்காட்டில காத்து தீர்ந்துபோச்சா?”

அவர் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

மத்தியானம் வலை காயும் இடத்துக்கு ரோஷன் வந்தபோது துப்பட்டி நழுவியதைக்கூடக் கவனிக்கவில்லை. “படகு வரலைன்னு செல்வம்மாக்கா சொல்லிச்சு. கார் போயிருக்கும். நாளைக்கு வெள்ளி, அப்புறம் சனி, ஞாயிறு. எல்லாம் போச்சு,” என்றாள்.

“படகும் இல்லை, காரும் இல்லை. அந்தக் கடிதத்தை எழுதினது நான்,” என்றார் தசரதன்.

அவள் கீழே கிடந்த நண்டுக் கூடையைக் காலால் உதைத்தாள். “என் உசுரு உங்களுக்கு விளையாட்டா இருக்குதா? நான் மாமி காலைத் தொட்டு அழுதுட்டு வந்தேன் தெரியுமா? காரணம் சொல்ல முடியாம, கால் வலிக்குதான்னு கேட்டுக்கிட்டே அழுதேன்!”

தசரதன் குனிந்து கூடையை நிமிர்த்தி வைத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து, திங்கட்கிழமை ஏழாம் நம்பரில் எடுத்த கடிதத்தைக் கொடுத்தார். “இது உன் புருஷன் எழுதினது. நான் பிரிக்கலை. நீயே பிரிச்சுப் படி. நாங்க அந்தப் பக்கம் போறோம்.”

காயப்போட்ட வலைகளுக்கு அப்பால் ஓர் ஓலைத் தடுப்பு இருந்தது. அதன் பின்னால் போய் உட்கார்ந்தோம். தசரதன் என் கையில் பென்சிலைக் கொடுத்து, உதட்டில் விரலை வைத்தார்.

முதலில் உறை கிழியும் சத்தம். பிறகு, “பதினொண்ணு... சரி, பதினொண்ணு தள்ளி... நாப்பத்தாறு, ச... எழுபது, னி... சனி...” என்று ஒரு முனகல் ஆரம்பித்தது. எண், எழுத்து, சொல். பிறகு மொத்த வாக்கியமும் ராகமாக ஒரு தடவை. மறந்துவிடாமல் இருக்க இன்னொரு தடவை. நான் பாட்டுக்கு எழுதிக்கொண்டே போனேன். இவ்வளவு சுலபமான வேலையை என் வாழ்க்கையில் செய்ததில்லை.

திரும்பி வந்து நோட்டைப் பிரித்தேன். “‘சனிக்கிழமை காலை மெட்ராஸிலிருந்து விமானம். டிக்கெட் ஏர்போர்ட்டில் இருக்கும். இதுதான் கடைசி,’” என்று படித்தேன்.

ரோஷன் வாய் பிளந்தாள். “உறையை இப்பத்தானே நான் கிழிச்சேன்! உங்களுக்கு எப்படி...?”

“நீதானே சொன்னே. ரெண்டு தடவை,” என்றார் தசரதன். “வீட்டில எங்கே உட்கார்ந்து படிப்பே?”

“என் ரூம்ல. கதவைச் சாத்திட்டுத்தான்.”

“அந்தப் பக்கம் என்ன இருக்கு?”

“பலகைத் தடுப்பு. அதுக்கு அந்தாண்டை பெரிய மச்சான், அதான் அவரு அண்ணன், ஈஸிசேர்...” அவள் நிறுத்தினாள். முகம் வெளுத்துவிட்டது.

“பேப்பர் படிக்கிறாரா?”

“நாள் முழுக்கப் படிப்பாரு. ஒரே பேப்பரை.”

“இனிமே மனசுக்குள்ள படி, தாயே.”

“மனசுக்குள்ளயா?” அவள் நிஜமாகவே புரியாமல் கேட்டாள். “அது எப்படி? மதரஸாவில உஸ்தாது அந்தக் கோடியில உக்காந்திருப்பாரு. ஓதுற சத்தம் அவருக்குக் கேக்கலைன்னா பிரம்படி விழும். சத்தம் வரலைன்னா படிக்கலைன்னுதானே அர்த்தம்? எங்க தெருவில எல்லாப் பொம்பளையும் இப்படித்தான் படிப்பாங்க.”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பதினைந்து ரூபாய் சந்தா, பித்தளைப் பூட்டு, நண்டுக்கடி, எழுத்துக் கட்டம், தள்ளிப் படிக்கும் எண். இத்தனை கோட்டையையும் கட்டிவிட்டு, கடைசியில் உள்ளே உட்கார்ந்து உரக்கப் படித்திருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய ரகசியமும் வெட்டி, கையால் செய்த ரகசியமும் வெட்டி.

தசரதன் உற்சாகமாகப் பொடி போட்டுக்கொண்டார். “ஒண்ணும் கெட்டுப்போகலை. நான் இன்னொரு பொய்க் கடிதம் தர்றேன். ஞாயிற்றுக்கிழமை விமானத்துல கிளம்புறதா இருக்கும். வீட்டுக்குப் போய் வழக்கம்போல முணுமுணு. அவர் ஞாயிற்றுக்கிழமைக்கு நெஞ்சு வலியைத் தயார் பண்ணட்டும். நீ நாளைக்குச் சாயங்காலம் சத்தமில்லாம கிளம்பிடு.”

நல்ல திட்டம். நானே கைதட்டலாமா என்று யோசித்தேன். ரோஷன் தலையை ஆட்டிவிட்டுப் பொய்க் கடிதத்தை வாங்கிக்கொண்டாள். ஆனால் அவள் கண் ஜலீலின் கடிதத்திலேயே இருந்தது. கடைசி வரியை வாய்க்குள் மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வரியை நான் நோட்டில் எழுதியிருந்தேன், ஆனால் அவள் முன்னால் படிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து ஆண்கள் தெருவில் வந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் எதிர்ச்சாரி பீடிக் கடையில் நின்றோம். இஸ்மாயில், ஜமாத் பெரியவர் கௌஸ் மைதீனோடு பேசிக்கொண்டே வீட்டை நெருங்கினார். வாசற்படியில் ரோஷன் நின்றாள். கையில் ஒரு காகிதம். நான் கண்ணைத் தேய்த்துக்கொண்டு பார்த்தேன். அது தசரதன் கொடுத்த பொய்க் கடிதம் இல்லை.

“பெரிய மச்சான்!” என்று கூப்பிட்டாள். தெருவே நின்றது. “உங்க தம்பி கடுதாசி போட்டிருக்காரு. எண்ணுல எழுதியிருக்காரு. நீங்க தடுப்புக்குப் பின்னால குனிஞ்சு கேட்டுக் கழுத்து வலிக்கப் போவுது. நானே படிக்கிறேன், நின்னு கேளுங்க.”

“வேணு, என் திட்டம்...” என்றார் தசரதன்.

“போச்சு சார்,” என்றேன்.

அவள் படித்தாள். மதரஸாவில் அந்தக் கோடிக்குக் கேட்கும் குரலில், ராகத்தோடு படித்தாள். சனிக்கிழமை விமானம், டிக்கெட், இதுதான் கடைசி. பிறகு அந்தக் கடைசி வரி: “‘அண்ணனுக்குத் தெரிய வேண்டாம். கேட்டால் என்ன பதில் சொல்வது என்று எனக்குப் பயமாக இருக்கிறது.’ அவ்வளவுதான் எழுதியிருக்காரு. பதில் நான் சொல்றேன். நான் நாளைக்குப் போறேன்.”

கௌஸ் மைதீன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, “இதுல மறைக்கிறதுக்கு இன்னா கீது? புருஷன்காரன் பொண்டாட்டியைக் கூப்பிடுறான்,” என்றார். “ஏம்பா இஸ்மாயிலு, எத்தினி மணிக்குக் கிளப்பி விடப்போறே?”

இஸ்மாயிலின் கை மெல்ல நெஞ்சுக்குப் போனது.

“வலிக்குதா மச்சான்?” என்றாள் ரோஷன். “டாக்ஸியிலேயே ஏறிக்குங்க. ஆஸ்பத்திரி போற வழியிலதான் இருக்குது.”

யாரோ ஒருவர் முதலில் சிரித்தார். பிறகு தெரு முழுக்கச் சிரித்தது. நெஞ்சுக்குப் போன கை பாதி வழியில் கீழே இறங்கியது. ஒளிந்து கேட்கத் தெரிந்த மனிதருக்கு, நாலு பேர் முன்னால் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை. இவ்வளவுதானா இந்த ஆள் என்று எனக்கே அருவருப்பாக இருந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு ரோஷனின் தகரப் பெட்டியைத் தலையில் வைத்து டாக்ஸிவரைக்கும் தூக்கி வந்தவர் அவர்தான். பெரியவர் பார்த்துக்கொண்டிருந்தார், வேறு வழியில்லை.

நாங்களும் கூடவே ஏறிக்கொண்டோம். பொன்னேரி தபாலாபீஸில் டாக்ஸியை நிறுத்தச் சொன்னாள் ரோஷன். ஜலீலுக்குத் தந்தி கொடுக்கவேண்டும் என்றாள். தசரதனுக்குப் பழைய தொழில் ஞாபகம் வந்துவிட்டது. தந்தி ஃபாரத்தை வாங்கி, “சொல்லும்மா, எண்ணாவே மாத்திடறேன். கிளார்க்குக்கு ஒரு எழுத்துப் புரியாது,” என்றார்.

“வேணாம் சார். எண்ணு எழுதித்தான் அவரு பயந்தாங்கொள்ளியாவே இருந்துட்டாரு. நாலு பேரு படிக்கிற மாதிரியே எழுதுங்க.”

அவள் சொன்னாள், தசரதன் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுதினார். கவுண்டரில் இருந்த கிளார்க் வார்த்தைகளை எண்ணிவிட்டு, சரிபார்க்க அதைப் படித்துக் காட்டினார்:

“நாளை வருகிறேன். உன் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். பெட்டி தூக்கியது அவர்தான். ஏர்போர்ட்டுக்காவது பயப்படாமல் வா. ரோஷன்.”